முஸ்லிம் வேடத்துக்கு ஆள் தேவை

உடையார்கட்டுச் சந்தியில் புடவைக்கடை வைத்திருந்த இஸ்ஸதீன், தான் ஒரு முஸ்லிம் என்பதை ஒருநாளும் மறந்தவனல்ல. நேரம் தவறாமல் தொழுதான், நோன்பு பிடித்தான், பிள்ளைகளைத் தண்ணீரூற்றுப் பள்ளியில் குர்ஆன் ஓதப் போட்டிருந்தான். ஆனால் அதை ஒரு வேடமாகப் போட்டு ஆட வேண்டி வருமென்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. அப்படியான யோசனை சாதாரண மனிதருக்கு வராது. அதற்கு ஒரு சங்கம் வேண்டும், சங்கத்துக்கு ஒரு தலைவர் வேண்டும், கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வர வேண்டும்.

ஊரில் பங்குனி மாதம், சூடடித்து நெல் வீடு வந்து சேர்ந்தபின், குளக்கட்டுக்குக் கீழே களரி போட்டுக் கூத்தாடுவார்கள். ராசா கூத்து என்று பெயர். குளம் உடைப்பெடுக்கிறது, மண்ணும் மரமும் போட்டு அடைக்க முடியவில்லை, ராசா தானே போய் உடைப்பில் குறுக்கே படுத்து ஊரைக் காப்பாற்றிச் செத்துப் போகிறான். இவ்வளவுதான் கதை. இதை ஆடி முடிக்க விடிந்துவிடும். ஆட்டுவிப்பவர் அண்ணாவியார் ஐயாத்துரை, காடு வெட்டிக் குளம் திருத்துவதற்கு முன்னமே அங்கே இருந்த பழைய வன்னிக் குடும்பம். மத்தளம் அடிப்பவன் பியசேன, தெற்கே காலிப் பக்கத்திலிருந்து வந்து சந்தியில் பேக்கரி போட்ட சிங்களவன். ராசா, பத்துப் பன்னிரண்டு வருசமாக, இஸ்ஸதீன்.

அவனுடைய குரல் அப்படி. முதல் வருசம் அவனுடைய வாப்பா கச்சு முகம்மது, மகனைக் களரியிலிருந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதற்கென்றே வந்தவர். ராசா உடைப்பில் படுத்துப் பாடும் இடம் வந்ததும் தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மியவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தொடக்கத்தில் பிள்ளையாருக்குக் காப்புப் பாடும்போது இஸ்ஸதீன் களரிக்கு வெளியே நின்று தன்பாட்டில் பிஸ்மி சொல்லிக்கொள்வான். அவனை உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை, ஏன் வெளியே நிற்கிறாய் என்றும் கேட்கவில்லை. அந்த ஊர்ச் சனத்துக்கு அப்போது அவ்வளவு புத்தி இருந்தது.

அந்தக் கூத்தில் ஒரு வழக்கம். ராசா வரும்போது இரண்டு பேர் வெள்ளைத் துணி ஒன்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ராசா அதற்குப் பின்னால் நின்று தன் வரவுப் பாட்டைப் பாடுவான். பாட்டு முடியத் துணி விழும். விழுந்ததும் சுற்றியிருக்கும் சனம் முழுக்க எழும்பி நிற்க வேண்டும். அதற்குப் பிறகு தலையில் வைத்த ராசமுடியைக் கழற்றும் வரைக்கும் அவனைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடக்கூடாது. வெற்றிலை நீட்டினாலும் ‘ராசா, வெத்திலை போடுறீங்களோ’ என்றுதான் நீட்ட வேண்டும். ஒருமுறை ஒருவன் நாக்குத் தவறி ‘இஸ்ஸதீன்’ என்றுவிட்டதற்கு அண்ணாவியார் அவனைச் சபை நடுவே நிறுத்தி ஏசிய ஏச்சை ஊர் இன்னும் மறக்கவில்லை. வெள்ளைத் துணி ஒவ்வொரு வருசமும் இஸ்ஸதீனின் கடையிலிருந்து போகும். அதற்கு அவன் காசு வாங்குவதில்லை. வருசம் முழுக்க அவன் காத்திருந்தது அந்தத் துணி விழும் நேரத்துக்காகத்தான்.

இதற்குள் வந்து காலை வைத்தவர் பரமலிங்கத்தார். யாழ்ப்பாணத்தில் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணிக்கு வந்தவர். வந்த கையோடு முன்னேற்றச் சங்கம் ஒன்றை உண்டாக்கித் தானே தலைவருமானார். ராசா கூத்தை அவர் ஒருநாளும் கடைசிவரை இருந்து பார்த்ததில்லை. ‘குதியல்’ என்பார், கொட்டாவி விடுவார், எழும்பிப் போய்விடுவார். ஆனால் ஐம்பத்தெட்டு இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் ஒற்றுமை என்ற சொல்லுக்கு நல்ல கிராக்கி என்பது அவருக்கு மணந்துவிட்டது. ஒற்றுமையைக் காட்டுகிற ஊருக்கு மண்டபம் கிடைக்கிறதாம், கலாசார அதிகாரி நேரில் வந்து பார்க்கிறாராம். மனுசன் உடனே கொழும்புக்கு எழுதிப் போட்டுவிட்டு, ஒற்றுமை எங்கே கிடக்கிறது என்று தேடத் தொடங்கினார்.

“தம்பி இஸ்ஸதீன், ஒரு நல்ல விசயத்தோடை வந்தனான்,” என்றபடி கடைக்குள் ஏறிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விசயத்தைச் சொன்னார். “ஓபீசருக்கு இன ஒற்றுமையைக் காட்டவேணும். அதுதான் முக்கியம்.”

“காட்டுவம். ராசா கூத்தை ஆடினால் சரிதானே ஐயா.”

“கூத்தும் இருக்கு. அரை மணித்தியாலமாய்ச் சுருக்கச் சொல்லிப் போட்டன். ஆனால் தம்பி, இந்தமுறை ராசா நீரில்லை. என்ரை மருமகன் நடராசா போடுறான். எங்கடை யோகநாதன் மாஸ்டர் ஒற்றுமை நாடகம் ஒண்டு எழுதியிருக்கிறார். நீர் அதிலை முஸ்லிமாய் வாறீர்.”

இஸ்ஸதீன் மடித்துக்கொண்டிருந்த சீலையைக் கீழே வைத்தான்.

“நான் இப்ப என்னவாய் நிக்கிறன்?”

“பகிடி விடாதையும். ஓபீசர் கேப்பார், முஸ்லிம் எங்கை எண்டு. நீர் முடியும் மீசையும் வைச்சுக்கொண்டு ராசாவாய் நிண்டால் ஆருக்கு விளங்கும் நீர் முஸ்லிம் எண்டு?”

“ஒருத்தருக்கும் விளங்காது. ராசாவெண்டுதான் விளங்கும்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்,” என்றார் பரமலிங்கத்தார் சந்தோசமாக. தான் என்ன கேட்டோம், அவன் என்ன சொன்னான் என்று கொஞ்சமும் அவருக்கு ஏறவில்லை. அப்படிப்பட்டவர்களோடு சண்டை பிடிக்கவும் ஏலாது.

இஸ்ஸதீன் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் அண்ணாவியார் வீட்டுக்குப் போனான். அண்ணாவியார் மாட்டுப் பட்டியில் கன்று கட்டிக்கொண்டு நின்றார். இவனைக் கண்டதும் முடிச்சுப் போட்ட கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் முடிச்சுப் போட்டார்.

“ராசா வேசத்துக்கெண்டு சபையிலை வைச்சு எனக்கு வெத்திலை தந்தது நீங்கள்,” என்றான் இஸ்ஸதீன்.

“நான்தான். இல்லையெண்டு சொல்லேல்லை.”

“பிறகென்ன?”

“மண்டபம் வந்தால் மழைக்கு நனையாமல் ஆடலாமாம். பரமலிங்கத்தார் சொல்லுறார்.”

“பங்குனியிலை என்ன மழை, அண்ணாவியார்?”

அண்ணாவியார் கன்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். சபை நடுவே ஒருவனை நிறுத்தி ஏசிய வாய் இதுதானோ என்று இஸ்ஸதீனுக்கு ஆத்திரமாக வந்தது. கன்றைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

வீட்டில் மனைவி ஹாலிதா ஒரே சொல்லாகச் சொன்னாள். “போகாதேங்கோ. உங்களுக்கு என்ன விதியே?”

“போகாட்டி என்ன கதைப்பாங்கள் தெரியுமோ? முஸ்லிம் ஆக்கள் ஒற்றுமைக்கு வரமாட்டாங்கள் எண்டு ஊர் முழுக்கக் கதைப்பாங்கள்.”

இது பாதி உண்மை. மற்றப் பாதியை அவன் அவளுக்குச் சொல்லவில்லை. ஒத்திகையில் ஒரு பாட்டு, ஒரேயொரு பாட்டுப் பாடிக் காட்டினால் போதும், முடியைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று அவன் நம்பியிருந்தான்.

ஒத்திகை பள்ளிக்கூடத்தில் நடந்தது. யோகநாதன் மாஸ்டர் இளந்தாரி. கொழும்புக்கு ஒருமுறை போய் நாடகம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கதைக்கும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கதைப்பவர். அவருடைய ஒற்றுமை நாடகத்தில் நாலு பேர். கலப்பையோடு ஒரு தமிழர், தலையில் வெள்ளித் தகடு கட்டிக் கண்டி நடனம் ஆடும் ஒரு சிங்களவர், துணிப்பொட்டலத்தோடு ஒரு முஸ்லிம், தொப்பியும் பிடிலுமாக ஒரு பறங்கியர். உடையார்கட்டுக்குப் பறங்கியர் ஒருவர் வந்ததை ஒருவரும் கண்டதில்லை. அதனாலென்ன, ஒற்றுமைக்கு ஆள் குறையக்கூடாது என்று பள்ளிக்கூடக் காவல்காரனுக்குத் தொப்பி போட்டுவிட்டார்கள். நாலு பேரும் கடைசியில் கையைக் கோத்துக்கொண்டு விளக்கொன்றைச் சுற்றி வர வேண்டும்.

பியசேனவின் மத்தளத்தை வாங்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு, “ஆடும்,” என்றார்கள்.

“மாஸ்டர், நான் கண்டியைக் கண்ணாலையும் கண்டதில்லை. எங்கடை ஊர் கடல்,” என்றான் பியசேன.

“பரவாயில்லை. குதியும், சனத்துக்குத் தெரியாது.”

பியசேன சிரித்துக்கொண்டு குதித்தான். அவன் எதையும் பகிடியாக எடுக்கும் ஆள், பாண் சுடும் போறணைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அவனுடைய கையில் கதைக்கிற மத்தளத்தை மூலையில் சாத்திவிட்டு, தெரியாத ஆட்டத்துக்கு அவனைக் குதிக்க வைத்ததைப் பார்க்க இஸ்ஸதீனுக்கு வயிறு எரிந்தது.

பிறகு அவனுடைய முறை. முஸ்லிமுக்கு எழுதியிருந்த வசனம் இது: “வாங்க வாங்க! எத்தனை முழம் வேணும்? ஒற்றுமையை அளந்து தாறேன், ஒரு முழம் கூட்டித் தாறேன்!” இதை எழுதிய கையை என்ன செய்யலாம் என்று யோசித்தபடியே இஸ்ஸதீன் அதைச் சொன்னான். தன் கடையில் நின்று வாடிக்கைக்காரருக்குச் சொல்வது போலவே சொன்னான்.

மாஸ்டர் கையை விரித்து நிறுத்தினார்.

“நீங்கள் கதைக்கிறது எங்களைப் போலக் கிடக்கு.”

“நானும் இந்த ஊர்தானே.”

“அது சரி. ஆனால் முஸ்லிம் மாதிரி வரேல்லை. கொஞ்சம் இழுத்து, மூக்காலை சொல்லுங்கோ. படங்களிலை வாற மாதிரி.”

இழுத்துச் சொன்னான். வரவில்லை. நடையைத் திருத்தினார்கள். வயிற்றை முன்னால் தள்ளி, ஒரு கையால் சாரத்தைத் தூக்கி, மறு கையால் தாடியைத் தடவிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். இஸ்ஸதீனுக்குத் தாடி இல்லை. வாப்பாவுக்கும் இருந்ததில்லை. இல்லாத தாடியைத் தடவிக்கொண்டு நடந்து பார்த்தான். எத்தனையோ வருசம் ராசாவாக நிமிர்ந்து நடந்த உடம்பு வயிற்றைத் தள்ள மறுத்தது. தன்னிடம் இல்லாத ஒரு முஸ்லிமைத் தனக்குள்ளே தேடிக்கொண்டு, பெரிய மனிதர்களென்று நினைத்த இந்தக் கூட்டத்துக்கு முன்னால் கூத்தாடிக்கொண்டு நிற்கிறோமே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. இடையில் “ராசா பாட்டிலை ஒண்டு பாடட்டோ?” என்று கேட்டான். “முஸ்லிமுக்குப் பாட்டில்லை,” என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் சிற்றம்பலம் எழும்பினான். கூத்தில் கட்டியகாரனாக வந்து பகிடி பண்ணிச் சனத்தைச் சிரிக்க வைப்பவன். “இஞ்சை விடுங்கோ, நான் காட்டுறன்,” என்று துணிப்பொட்டலத்தை வாங்கித் தோளில் போட்டு, வயிற்றைத் தள்ளி, மூக்கால் ஒரு இழுவை இழுத்தான். பள்ளிக்கூடமே குலுங்கிச் சிரித்தது. பரமலிங்கத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுதான்! இதுதான் முஸ்லிம்!” என்றார் மாஸ்டர். பிறகு இஸ்ஸதீன் பக்கம் திரும்பி, மெத்தப் பணிவாக, “குறை நினைக்காதேங்கோ. முஸ்லிம் உங்களுக்குப் பொருந்தேல்லை,” என்றார்.

ராசாவும் போய் முஸ்லிமும் போய் இஸ்ஸதீன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஹாலிதா சைக்கிளை வாங்கிச் சுவரில் சாத்தினாள். முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள்.

அதோடு விட்டார்களா? அடுத்தநாள் பரமலிங்கத்தார் திரும்பவும் கடைக்கு வந்தார். வெட்கம் என்பதை அவர் பென்சன் எடுத்த அன்றே கந்தோரில் கையளித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

“தம்பி, மூண்டு சின்ன உதவி. வழக்கமாய்த் தாற வெள்ளைத் துணி வேணும். சிற்றம்பலத்துக்குப் போட ஒரு துருக்கித் தொப்பி வேணும்.”

“தொப்பி என்னட்டை இல்லை. நாங்கள் ஆரும் அது போடுறேல்லை.”

“அப்பிடியே?” பரமலிங்கத்தாருக்கு உண்மையாகவே ஆச்சரியம். “சரி, அதை யாழ்ப்பாணத்திலை பாப்பம். மற்றது, உம்மடை பேர். ஜனாப் இஸ்ஸதீன் எண்டு பேர் கொழும்புக்குப் போட்டுது. இப்ப போய் சிற்றம்பலம் எண்டு அறிவிச்சால் நல்லாயிராது. ஒரு பின்னேரத்துக்குத்தானே, பேரை மட்டும் அவனுக்கு விடும்.”

இஸ்ஸதீன் வெள்ளைத் துணியைக் கிழித்து மடித்து அவர் கையில் வைத்தான். “பேரையும் கொண்டு போங்கோ. அதை மட்டும் வைச்சு நான் என்ன செய்ய?”

எரிச்சலில் சொன்ன வார்த்தை. பரமலிங்கத்தார் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை விழுங்கியிருக்கலாம் என்று இஸ்ஸதீன் பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

விழா அன்று பின்னேரம் ஹாலிதாவையும் உம்மா பாத்தும்மாவையும் கூட்டிக்கொண்டு அவன் போனான். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் துணி விழும்போது சனம் எழும்பாமல் இருக்கிறதைப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது. நடராசாவுக்கு எழும்ப இந்தச் சனத்துக்கு என்ன விசரா? அண்ணாவியாரின் முகம் அப்போது எப்படிப் போகும் என்று மனதுக்குள் பலதரம் பார்த்து வைத்திருந்தான்.

அதிகாரி வந்தார், வெள்ளைக் காற்சட்டையும் கையில் முகம் துடைக்கும் லேஞ்சியுமாக. மாலை போட்டார்கள், அதை உடனே கழற்றி மேசையில் வைத்தார். கூத்து தொடங்கியது. துணியைப் பிடித்தார்கள். நடராசா பாடினான், தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு குரல். துணி விழுந்தது.

சனம் எழும்பியது. ஒருவர் மிச்சமில்லாமல் எழும்பியது. அதைவிடக் கேவலம், இஸ்ஸதீனின் கால்களும் பழக்கத்தில் எழும்பிவிட்டன. அவன் நின்று முன்னால் பார்த்தான். நடராசாவின் காதுவரை இறங்கிக் கிடந்த முடியைத்தான் எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருசமும் தனக்கென்று நினைத்துப் பூரித்துப் போன மரியாதை இந்தக் காக்காய்ப்பொன் ஒட்டிய அட்டைக்குத்தானா? சனத்தின் மேலிருந்த வெறுப்பு ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவன் மேலேயே விழுந்தது. மெல்ல இருந்தான்.

பிறகு ஒற்றுமை நாடகம். ஒலிபெருக்கியில் மாஸ்டர் அறிவித்தார்: “முஸ்லிம் சமூகத்தின் சார்பில், ஜனாப் இஸ்ஸதீன் அவர்கள்!” சிவப்புத் தொப்பியும் ஆட்டுமயிர்த் தாடியுமாகச் சிற்றம்பலம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். “வாங்க வாங்க! எத்தனை முழம் வேணும்?” என்று இழுத்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இஸ்ஸதீனிடம் கடனுக்குச் சீலை வாங்கி உடுத்திக்கொண்டு வந்தவர்களும் சிரித்தார்கள். பாத்தும்மா முக்காட்டுக்குள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கண் மங்கிய கிழவி, காதும் அரைவாசி.

“பகிடியான மனுசன். அது ஆர் மகனே?” என்று கேட்டா.

“அது நான்தான் உம்மா,” என்றான் இஸ்ஸதீன்.

ஹாலிதா எழும்பி உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இவன் அவர்களுக்குப் பின்னால் போவதற்குள் நாடகம் முடிந்து அதிகாரி மேடையால் இறங்கி வந்தார். வழியில் நின்ற இஸ்ஸதீனை ஒரு கையால் மெல்ல விலக்கிவிட்டு, பின்னால் வந்த சிற்றம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மிச்சம் சந்தோசம். உங்கடை ஆக்கள் இங்கை நிம்மதியாய் இருக்கினமோ?”

சிற்றம்பலம் தாடியைத் தடவினான். “ஓம் ஐயா. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.”

பக்கத்தில் நின்ற பரமலிங்கத்தார் தலையாட்டினார். மாஸ்டர் தலையாட்டினார். அண்ணாவியார் மட்டும் இஸ்ஸதீன் நிற்பதைக் கண்டார், கண்டுவிட்டுக் காணாதவர் போல மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் போனார். நாலு பேரையும் வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

படம் கொழும்புப் பத்திரிகை ஒன்றில் வந்தது. கீழே நாலு பெயர். தாடிக்கும் தொப்பிக்கும் நேரே ஜனாப் இஸ்ஸதீன். சொன்னபடி மண்டபமும் வந்தது. ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார்கள். சீலை வாங்க வருகிற பெண்கள் “படத்திலை உங்களைக் கண்டம்,” என்று சொல்லிச் சிரிப்பார்கள். பகிடிக்குத்தான். இஸ்ஸதீனும் பகிடியாகவே எடுத்துக்கொள்கிறவன் போல அளந்து கொடுப்பான். அந்தப் பெண்கள் போனபிறகு மடித்து வைத்த சீலைகளையே திரும்பவும் விரித்து மடிப்பான்.

அடுத்த பங்குனி வந்தது. அண்ணாவியார் ஐயாத்துரை வெற்றிலைத் தட்டத்தோடு சந்திக்கு வந்தார். அரை மணித்தியாலக் கூத்து ஓபீசருக்குத்தான், சனத்துக்கு விடியும் வரைக்கும் வேண்டும். விடியும் வரைக்கும் பாட நடராசாவின் தொண்டைக்குத் தெம்பில்லை. இரண்டு ஒத்திகையோடு குரல் அடைத்துப்போய்ச் சுக்குத்தண்ணி குடித்துக்கொண்டு கிடக்கிறானாம். இதெல்லாம் இஸ்ஸதீனின் காதுக்கு முன்னமே வந்திருந்தது. இந்த வரவையும் அவன் எதிர்பார்த்துத்தான் இருந்தான்.

“இஸ்ஸதீன்,” என்றார் அண்ணாவியார் வாசலில் நின்று.

“இஸ்ஸதீனைத் தேடியோ வந்தனீங்கள்? அவர் மண்டபத்திலை தொங்குறார். அங்கை போய்க் கேளுங்கோ.”

அண்ணாவியார் போகவில்லை. வெயிலில் நின்றார். முடி இல்லை, களரி இல்லை, பார்க்க ஒரு சபையும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னிலும் இருபது வயது இளையவனைப் பார்த்து, “ராசா,” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இஸ்ஸதீன் இவ்வளவு நாளும் எரிந்துகொண்டிருந்தான். போன வருசம், அந்த மாட்டுப் பட்டியில் வைத்து இதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பான்.

அவன் கதிரையிலிருந்து எழும்பினான். வயிற்றை முன்னால் தள்ளினான். ஒரு கையால் சாரத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் இல்லாத தாடியைத் தடவினான்.

“வாங்க வாங்க!” என்றான் மூக்கால் இழுத்து. “எத்தனை முழம் வேணும்?”

இழுவை, நடை, எல்லாம் அச்சொட்டாக வந்தன. சந்தியில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணாவியார் வெற்றிலைத் தட்டத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.